விரல் நுனியில் நிற்க என்ன அவசரம்? வீட்டிலேயே குட்டிகளுக்கு பாலே!

சனிக்கிழமை சம்பளத்தை வாங்கி, வழியில் காய்கறியும் வாங்கிக்கொண்டு பனியன் கம்பெனியிலிருந்து அம்மா வீடு திரும்பும் நேரம். திருப்பூரில் பல வீடுகளில் அம்மிச்சியின் போனில் ‘பெப்பா பிக்’ ஓடிக்கொண்டிருக்கும். பன்றிக்குட்டி பாலே வகுப்புக்குப் போகும் கதை. அதைப் பார்த்த நாலு வயது வாண்டு, ஹாலின் நடுவே கைகளைத் தலைக்கு மேல் வட்டமாகத் தூக்கி, கால் கட்டைவிரலில் எழுந்து நிற்கப் பார்க்கும். ஒரு விநாடி நிற்கும்; மறு விநாடி தொப்பென்று உட்காரும். ‘அம்மா, எனக்கும் இந்த டான்ஸ் சொல்லிக் குடு’ என்று கேட்கும்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அம்மா போனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது, ரிப்பன் வைத்த பிங்க் நிற விரல்நுனி ஷூ. அடுத்தது, ‘முப்பதே நாளில் கால்களை நேர்கோட்டில் விரிக்கலாம்’ என்று சொல்லும் வீடியோ. குழந்தையின் ஆசையை நிறைவேற்றும் அவசரத்தில் இந்த இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும் பெற்றோர் உண்டு. சின்னக் குழந்தைக்கு பாலேயில் வேண்டாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன என்றால், அவை இவைதான்.

அப்படியானால் வீட்டில் என்ன சொல்லிக்கொடுக்கலாம்? மூன்று முதல் ஏழு வயது வரை, ஒரு பாட்டு, ஒரு கதை, பதினைந்து நிமிடம் போதும். நடனம் தெரியாத அம்மாவும் அப்பாவும்கூட இதைச் செய்யலாம்.

ராஜா ஆடிய ஆட்டம்

பாலே பிறந்தது இத்தாலிய அரண்மனைகளில். அங்கிருந்து பிரான்ஸுக்குப் போய் வளர்ந்தது. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, 1653-ல் சூரியன் வேடமிட்டு தானே மேடையில் ஆடியவர். 1661-ல் நடனத்துக்கென ஒரு அரச அகாடமியையும் அமைத்தார். அதனால்தான் இன்றைக்கும் லண்டனானாலும் டோக்கியோவானாலும் பாலே வகுப்பில் அசைவுகளுக்குப் பிரெஞ்சுப் பெயர்கள். முழங்காலை மடித்தால் ‘ப்ளியே’. காலைத் தரையோடு நீட்டினால் ‘தாந்து’. குதிகாலைத் தூக்கி எழுந்தால் ‘ரெலெவே’. குதித்தால் ‘ஸோத்தே’. இந்த நான்கு சொற்களுக்கும் அர்த்தம் மடிப்பது, நீட்டுவது, எழுவது, குதிப்பது. நான்குமே குழந்தைகள் தாமாகவே செய்கிற அசைவுகள். வீட்டுப் பாடத்துக்கு இவை போதும்.

நம் ஊருக்கும் பாலேவுக்கும் தொடர்பே இல்லை என்று நினைக்க வேண்டியதில்லை. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், 1928-ல் பம்பாயில் ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் நடனத்தைப் பார்த்து மயங்கினார். பிறகு கப்பல் பயணத்தில் இருவரும் நெருங்கிப் பழகினார்கள். பாவ்லோவா குழுவைச் சேர்ந்த க்ளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்றார். ‘உங்கள் நாட்டு நடனத்தையும் தேடிப் பாருங்கள்’ என்று பாவ்லோவாதான் அவரைத் திருப்பிவிட்டார். அந்தத் தேடல் 1935-ல் அவரது பரதநாட்டிய மேடையேற்றத்திலும், 1936-ல் கலாக்ஷேத்ராவிலும் வந்து முடிந்தது. பாலே கற்கத் தொடங்கியபோது அவர் இருபது வயதைத் தாண்டியிருந்தார்.

நாலு வயதில் ஆரம்பிக்காவிட்டால் போச்சா?

‘இப்பவே உடம்பை வளைக்காவிட்டால் அப்புறம் வராது’ என்ற பயம்தான் பெற்றோரை அவசரப்பட வைக்கிறது. நம் நாட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

டெல்லியில் இ-ரிக்‌ஷா ஓட்டுநரின் மகனான கமல் சிங், ஒரு இந்தி டான்ஸ் படத்தில் பாலேயைப் பார்த்துவிட்டு வகுப்பில் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. ஆசிரியர் ஃபெர்னாண்டோ அகிலெரா பயிற்சி கொடுத்தார். 2020-ல் லண்டனிலுள்ள இங்கிலீஷ் நேஷனல் பாலே பள்ளியில் இடம் கிடைத்தது. கட்டணத்துக்கான பணம் பொதுமக்களின் நன்கொடையில் சேர்ந்தது.

மும்பை டாக்ஸி டிரைவரின் மகன் மணீஷ் சௌஹான் பாலேவுக்கு வந்தது இருபது வயதைத் தாண்டிய பிறகு. அவரோடு ஆசிரியர் யெஹூதா மாவோரிடம் கற்ற அமீருதீன் ஷா, ஒரு வெல்டரின் மகன். அவர் தன் பதின்வயதில் தொடங்கி, 2017-ல் லண்டன் ராயல் பாலே பள்ளிக்குப் போனார். இவர்களின் கதையை ஒட்டி எடுக்கப்பட்ட ‘யே பாலே’ படம் 2020-ல் நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது.

இவர்கள் அபூர்வமான திறமைசாலிகள். தினமும் மணிக்கணக்கில் உழைத்தவர்கள். எல்லாரும் இப்படி ஆகிவிடலாம் என்பதல்ல விஷயம். நாலு வயதில் கால் விரியாததால் யாருடைய கதவும் மூடிவிடுவதில்லை. ஆனால், நாலு வயதில் வலியும் பயமும் கொடுத்தால் ஆசை என்கிற கதவு மூடிவிடும்.

உடுப்பு… அது நம்ம ஊர்ச் சரக்கு!

பாலே உடுப்பு என்றதும் விலை உயர்ந்த வெளிநாட்டுச் சரக்கு என்று தோன்றும். உண்மையில் அது பின்னல் துணி. உடம்போடு ஒட்டிய ‘லியோடார்ட்’ உடைக்கு அந்தப் பெயர், 19-ம் நூற்றாண்டு பிரெஞ்சு சர்க்கஸ் கலைஞர் ஜூல் லியோடாரிடமிருந்து வந்தது. ஊஞ்சலில் பறந்து வித்தை காட்டியவர் அவர். நெசவுத் துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுப்பட்டிருக்கும். பின்னலில் நூல் கண்ணி கண்ணியாக ஓடுவதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இதைத் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே லைக்ரா கலந்த காட்டன் லெக்கிங்ஸ் ஒன்று, உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட் ஒன்று போதும். காதர்பேட்டையில் கிடைக்கும் சர்ப்ளஸ் சரக்கே தாராளம். தொளதொள உடை வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம், முழங்கால் எந்தப் பக்கம் போகிறது என்று பெரியவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வலைத்துணிப் பாவாடை ஆசைக்காக இருக்கலாம், அரித்தால் கழற்றிவிடலாம். கொலுசு, நீளமான துப்பட்டா, ஹேர்பேண்டில் கூரான கிளிப் ஆகியவை வேண்டாம்.

காலுக்கு? வீட்டில் வெறுங்கால்தான் நல்லது. டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டு ஆடினால் வழுக்கும்.

ஆறடிக்கு ஆறடி அரங்கம்

ஹாலில் பாயையும் சேரையும் ஓரமாக நகர்த்தினால் ஆறடிக்கு ஆறடி இடம் கிடைக்கும். அது போதும். தரையில் தண்ணீரோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கக் கூடாது. கோரைப்பாய் நழுவும் என்பதால் அதன் மேல் ஆட வேண்டாம். டீப்பாய், டிவி ஸ்டாண்டு முனைகள் எட்டத்தில் இருக்கட்டும். மொட்டைமாடி வேண்டாம், சுற்றிச் சுற்றி ஆடும் குழந்தைக்குத் தலை சுற்றும்.

பாலே வகுப்பில் பிடித்துக்கொள்ளும் கம்பிக்குப் பதில், நகராத கனமான நாற்காலியின் முதுகுப் பகுதி போதும். குழந்தையின் இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரம் சரி. கையை மெல்ல வைத்துக்கொள்ளத்தான் அது, தொங்குவதற்கல்ல.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், தலா 15 நிமிடம். சாப்பிட்டவுடன் வேண்டாம். ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் நாளில் அம்மாவால் முடியாது. அன்றைக்கு அப்பாவோ அம்மிச்சியோ உட்கார்ந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாருக்கும் வசதி.

பதினைந்து நிமிடப் பாடம்

வணக்கம் – 1 நிமிடம்: பாலே வகுப்பு ஆசிரியருக்கும் இசைக் கலைஞருக்கும் வணக்கம் சொல்லி முடியும். பரதத்தில் தட்டிக் கும்பிடுவதுபோலத்தான். வீட்டில் தொடக்கத்திலும் முடிவிலும் குனிந்து ஒரு வணக்கம். ‘இப்போ விளையாட்டு வேற, டான்ஸ் வேற’ என்று குழந்தைக்கு அதிலேயே புரிந்துவிடும்.

நடை – 3 நிமிடம்: பூனைபோல சத்தமில்லாமல், யானைபோலக் கனமாக, கொக்குபோல ஒற்றைக்காலில் நின்று நின்று. பாட்டை நிறுத்தினால் சிலையாக வேண்டும். இசையைக் கேட்டு உடம்பை அடக்கும் பயிற்சி இது. முழு பாடத்திலும் முக்கியமான பகுதியும் இதுதான்.

மடிப்பது – 2 நிமிடம்: இரண்டு குதிகாலும் ஒட்டி, பாதங்கள் சின்ன ‘வி’ வடிவில். முதுகு நேராக இருக்க, முழங்காலை மெல்ல மடித்து மெல்ல எழ வேண்டும். அரைமண்டி பார்த்தவர்களுக்கு உடனே புரியும். முழங்கால், பாதவிரல் இருக்கும் திசையில்தான் போக வேண்டும். உள்பக்கம் சாயக் கூடாது. பாதம் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு போதும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டியது. பாதத்தைப் பிடித்துத் திருப்பினால் முழங்காலுக்குத்தான் வலி.

நீட்டுவது – 2 நிமிடம்: நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தரையோடு உரசியபடி முன்னால் நீட்டி, விரல் நுனி மட்டும் தரையில் படும்படி வைத்து, திரும்பக் கொண்டுவருவது. ‘கட்டைவிரலால் கோலத்துல ஒரு கோடு போடு கண்ணு’ என்றால் குழந்தை சரியாகச் செய்துவிடும்.

எழுவது – 1 நிமிடம்: இரண்டு காலிலும் சமமாக நின்று குதிகாலை மட்டும் தூக்குவது. மேல் அலமாரியில் இருக்கும் முறுக்கு டப்பாவை எட்டிப் பார்ப்பதுபோல. ஐந்து விரல்களும் தரையில் படிந்திருக்க வேண்டும். இறங்கும்போது மெல்ல இறங்க வேண்டும்.

குதிப்பது – 2 நிமிடம்: மடி, குதி, மடி. இறங்கும்போது முதலில் விரல், பிறகு பாதம், கடைசியில் குதிகால். ‘தொட்டில்ல பாப்பா தூங்குது, சத்தம் கேட்கக் கூடாது’ என்பதுதான் விதி. சிமென்ட் தரையும் டைல்ஸும் கடினமானவை என்பதால் எட்டு முறை குதித்தால் போதும்.

கைகள் – 1 நிமிடம்: பெரிய பலூனை அணைத்திருப்பதுபோல கைகளை வட்டமாக முன்னால் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி, பக்கவாட்டில் மெல்ல விரித்து இறக்க வேண்டும். தோள்கள் காதை நோக்கி ஏறக் கூடாது.

கதை – 3 நிமிடம்: கடைசியில் பாட்டைப் போட்டுவிட்டு, குழந்தை தன் இஷ்டத்துக்கு ஆடட்டும். இங்கே திருத்தம் கூடாது. பார்வையாளரின் வேலை பார்ப்பது மட்டுமே.

தகிட… தகிட…

எந்த இசை? ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் மூன்று பாலேக்கள் உலகம் முழுக்கப் பிரபலம். ‘ஸ்வான் லேக்’ 1877, ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ 1890, ‘நட்கிராக்கர்’ 1892. குழந்தைகளுக்கு ஆரம்பிக்க ‘நட்கிராக்கர்’ வசதி. அம்மிச்சியின் வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டி இருப்பதுபோல, அங்கே கொட்டை உடைக்க ஒரு மரப் பொம்மை. கிறிஸ்துமஸ் இரவில் அது ஒரு சிறுமிக்குப் பரிசாக வருகிறது. நள்ளிரவில் எலிப்படை தாக்குகிறது. சிறுமி தன் செருப்பைக் கழற்றி எலி ராஜா மேல் வீசுகிறாள். பொம்மை இளவரசனாக மாறி அவளைப் பனி நாட்டுக்கும் மிட்டாய் நாட்டுக்கும் அழைத்துப்போகிறது. சொல்லித்தான் பாருங்களேன், செருப்பு வீசும் இடத்தை மறுபடி மறுபடி கேட்கும் குழந்தை!

அதிலுள்ள பூக்களின் வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கை. ‘தகிட, தகிட’ என்று தொடையில் தட்டினால் பொருந்திவிடும். பொம்மைகளின் அணிவகுப்பு நான்கு எண்ணிக்கை, அதற்கு ‘தகதிமி’. பாலே வகுப்புகளில் பெரும்பாலும் எட்டு எண்ணி ஆடுவார்கள். நம் ஆதி தாளத்துக்கும் எட்டுதான். பாட்டு வகுப்புக்குப் போகும் அக்காவோ அண்ணனோ வீட்டில் இருந்தால், தாளம் போடும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடலாம்.

இன்னொரு நல்ல தேர்வு, பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1886-ல் எழுதிய ‘விலங்குகளின் திருவிழா’. யானை, கங்காரு, மீன்தொட்டி, ஆமை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இசை. அதில் வரும் அன்னத்தின் இசைக்குத்தான் பாவ்லோவா தன் புகழ்பெற்ற நடனத்தை ஆடினார். நம் இசையே வேண்டுமென்றால், மேற்கத்திய இசையும் கர்னாடக இசையும் கைகோக்கும் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பு இருக்கிறது.

பெரிய கலைஞர்கள் பயிற்சி செய்வதையும் குழந்தைக்குக் காட்டலாம். 2014 முதல் நடக்கும் உலக பாலே தினத்தன்று பெரிய நிறுவனங்கள் தங்கள் வகுப்புகளை இணையத்தில் இலவசமாகக் காட்டுகின்றன. அதே ப்ளியே, அதே தாந்து! உலகப் புகழ் கலைஞரும் தினமும் முழங்காலை மடிப்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார் என்று தெரிந்தால், குழந்தைக்கு அலுப்புத் தட்டாது.

இவை வேண்டவே வேண்டாம்

* விரல்நுனி ஷூ: சின்ன வயதில் பாத எலும்புகளில் கணிசமான பகுதி இன்னும் குருத்தெலும்புதான். பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு, பொதுவாக 11, 12 வயதை ஒட்டி, ஆசிரியர் பாதத்தையும் கணுக்காலின் பலத்தையும் பார்த்த பிறகே அந்த ஷூ. ஆன்லைனில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிடக் கூடாது.

* அழுத்தி விரிப்பது: முதுகில் கை வைத்து அமுக்குவது, காலைப் பிடித்து இழுப்பது கூடாது. ‘கொஞ்சம் வலிச்சாத்தான் வரும்’ என்பது குழந்தைக்குப் பொருந்தாது. வலிக்கிறது என்றால் நிறுத்த வேண்டும். வலி தொடர்ந்தாலோ, நொண்டி நடந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

* உடம்பைப் பற்றிய பேச்சு: ‘குண்டா இருந்தா பாலே வராது’, ‘தொப்பையைப் பாரு’, ‘கறுப்புக் காலுக்கு பிங்க் எடுக்காது’ போன்ற பேச்சு விளையாட்டுக்குக்கூட வேண்டாம். உறவினர் சொன்னாலும் அங்கேயே தடுத்துவிடுவது நல்லது. நாலு வயதில் காதில் விழுந்த சொல் பதினாலு வயதிலும் தட்டில் சோற்றைக் குறைக்க வைக்கும்.

* ரீல்ஸ்: ஆடும்போதெல்லாம் கேமரா நீண்டால், குழந்தை இசையைக் கேட்காது, போனைப் பார்க்கும். நினைவுக்கு மாதம் ஒன்று எடுத்து வைக்கலாம்.

* தம்பிக்குத் தடை: ‘பொம்பளப் புள்ளைங்க டான்ஸ்’ என்று பையனை எழுப்பிவிட வேண்டாம். கமல் சிங், மணீஷ், அமீருதீன் மூவருமே ஆண்கள்தான். சூரியனாக ஆடிய லூயி மன்னரும்தான்!

டீச்சர் எப்போது?

ஆசை ஒரு வருடத்துக்கு மேல் நிலைத்து, குழந்தையும் ஐந்து, ஆறு வயதைத் தொட்டுவிட்டால் ஆசிரியரைத் தேடலாம். 1920-ல் லண்டனில் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் அமைப்பின் ஆரம்பநிலைத் தேர்வுக்கே ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்தியாவில் டெல்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் பாலே பள்ளிகள் உண்டு. பெங்களூரில் யானா லூயிஸ் நடத்தும் பள்ளி அவற்றில் ஒன்று. ஆன்லைன் வகுப்பென்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்ப்பது அவசியம்.

எந்த ஆசிரியரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. யாரிடம், எத்தனை ஆண்டு கற்றீர்கள்? விரல்நுனி ஷூ எந்த வயதில் கொடுப்பீர்கள்? வகுப்பைப் பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா? இரண்டாவது கேள்விக்கு ‘ஏழு வயதிலேயே’ என்றோ, மூன்றாவதற்கு ‘கூடாது’ என்றோ பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

பக்கத்தில் பாலே ஆசிரியர் இல்லையென்றால் கவலை வேண்டாம். வீட்டில் பழகிய காதும் காலும் வீணாகாது. பரதநாட்டிய வகுப்பில் அரைமண்டி போடும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும். அதைவிடப் பக்கத்தில், கொங்கு ஊர்களில் அம்மாக்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் வள்ளிக் கும்மி இருக்கிறது. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த எம்.பத்திரப்பன் வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல் பத்மஸ்ரீ பெற்றபோது அவருக்கு வயது 87. பாட்டைக் கேட்டு, பக்கத்தில் ஆடுபவரைப் பார்த்து, ஒரே அடியில் கால் வைக்கும் அந்தப் பாடம் எந்த பாலே வகுப்புக்கும் சளைத்ததல்ல. பாவ்லோவா ருக்மிணி தேவிக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

அந்த வாண்டு நாளை பாலே கலைஞராகுமா, கும்மி ஆடுமா, இரண்டையும் மறந்துவிட்டுக் கபடி ஆடப் போகுமா, யாருக்கும் தெரியாது. இன்றைக்கு அதற்கு வேண்டியது ஷூவும் இல்லை, மேடையும் இல்லை. நாள் முழுக்க மெஷினில் ஓடும் தையலையே பார்த்திருந்த அம்மாவின் கண்கள், பதினைந்து நிமிடம் தன்னை மட்டுமே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் குழந்தை குனிந்து வணக்கம் சொல்லும்போது, கைதட்ட மறந்துவிடக் கூடாது!